டிரங்கு பெட்டில கெடக்குற போட்டோவ வச்சு ஞாபகத்த தோண்டி எடுக்குறது எப்படி

எங்க அப்பத்தா வீட்டு பரண்ல ஒரு டிரங்கு பெட்டி இருந்துச்சு. உள்ள பழைய பத்திரம், ரெண்டு ரேஷன் கார்டு, எங்க ஐயாவோட, அதான் தாத்தாவோட, மூக்கு கண்ணாடி, எல்லாத்துக்கும் அடியில ஒரு மஞ்சப்பைல சுத்தி வச்ச போட்டோ. எண்ணி பாத்தேன், 63. அம்புட்டு பெரிய குடும்பத்துக்கு, மூணு தலைமுறைக்கு, 63 போட்டோ. இப்ப என் போன்ல போன மாச காதுகுத்துக்கு மட்டும் 400 கெடக்கு, அதுல ஒன்ன கூட யாரும் திரும்ப எடுத்து பாத்ததா தெரியல. அந்த 63ஐயும் வச்சுக்கிட்டு ரெண்டு வருஷமா லீவுக்கு போறப்பல்லாம் அப்பத்தா கூட உக்காந்து பண்ணுன வேலையத்தான் இங்க எழுதுறேன். உங்க வீட்லயும் ஒரு பெட்டி இருக்கும், பெட்டி கூட ஒரு ஆளும் இன்னும் இருந்தாங்கன்னா தயவு செஞ்சு தள்ளி போடாதீங்க, ஏன்னா பாதி போட்டோ தாள்ல இருக்கு, மீதி பாதி அவங்க வாயில இருக்கு.

ஒரே ஒரு போட்டோவ மட்டும் சொல்றேன், மத்தது உங்களுக்கே புரிஞ்சிரும். ஐயாவும் அப்பத்தாவும் ஸ்டுடியோல எடுத்தது. பின்னாடி திரைல மாளிகை, தூணு, படிக்கட்டு எல்லாம் வரைஞ்சிருக்கும். ஒரு ஸ்டூல் மேல பிளாஸ்டிக் பூ ஜாடி. ஐயா நாற்காலில விரைப்பா உக்காந்திருக்காரு, கையில வாட்ச். அப்பத்தா பக்கத்துல நிக்கிறாங்க, இடது கைய முந்தானைக்குள்ள விட்டு மூடிக்கிட்டு. சின்ன வயசுல இருந்து நூறு தடவ பாத்த போட்டோ. "இது யாரு அப்பத்தா"ன்னு கேட்டா "நாந்தாய்யா, ஒங்கய்யா"ம்பாங்க, அதோட சரி. ஒரு நாள் என்னமோ தோணி "அன்னிக்கு போட்டோ எடுத்துட்டு எங்க சாப்ட்டீக?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் போட்டோவையே பாத்துட்டு இருந்துட்டு சொன்னாங்க, "கிளப்புக் கடைக்கு கூட்டிப் போனாக. ரவா தோசை வாங்கிக் குடுத்தாக. அதுக்கு முன்ன நான் கடையில உக்காந்து தின்னதே இல்லய்யா. ஆம்பளைக எல்லாம் பாத்தாக, நான் தலைய தூக்கவே இல்ல." அப்புறம் தானாவே கை பத்தி வந்துச்சு. "தங்க வளவி ரெண்டும் அடகுல கெடந்துச்சு. கண்ணாடி வளவியோட போட்டோல விழுந்தா நாளைக்கு பாக்குறவுக என்ன நெனப்பாகன்னு மூடிக்கிட்டேன்." ஐயா கையில இருக்குற வாட்ச்சும் அவருதில்ல, ஸ்டுடியோக்காரர் எடுக்குற நேரத்துக்கு மட்டும் மாட்டி விட்டது.

நாளைக்கு பாக்குறவுகன்னு அப்பத்தா அன்னிக்கு நெனச்சது என்னைத்தான். அத கேட்டதுல இருந்து ஒரு பழைய போட்டோவையும் என்னால சும்மா பாத்துட்டு வைக்க முடியல.

தொடுறதுக்கு முன்னாடி

மொதல்ல பெட்டிய அப்படியே கவுத்து கொட்டிராதீங்க. எந்த போட்டோவோட எந்த போட்டோ சேந்து இருந்துச்சுங்கறதே ஒரு தகவல். ஒரே கவர்ல நாலு போட்டோ இருந்தா பெரும்பாலும் ஒரே விசேஷமா இருக்கும், இல்ல ஒரே ஆள் சேத்து வச்சதா இருக்கும். திறந்த உடனே போன்ல மேல இருந்து ஒரு படம் எடுங்க, அப்புறம் அடுக்கு அடுக்கா எடுத்து வைங்க. கைய கழுவி நல்லா துடைச்சுட்டு ஓரத்த மட்டும் புடிச்சு தூக்குங்க, விரல் ரேகை விழுந்தா போகாது.

எங்க வீட்டு பெட்டில ராமபாணப் பூச்சி ஏறி கொஞ்சம் அரிச்சிருந்துச்சு. அப்படி இருந்தா ஈரத்துணி போட்டு தேய்க்க கூடாது, காஞ்ச மெத்துன்னு ஒரு பிரஷ்ஷால நடுவுல இருந்து வெளிப்பக்கமா மெல்ல தட்டி விடுங்க, போதும். பிரேம் போட்ட போட்டோ கண்ணாடியோட ஒட்டி போயிருக்கும், நம்ம ஊரு ஈரக்காத்துக்கு அது சகஜம். அத எக்காரணம் கொண்டும் பிடுங்காதீங்க, மேல இருக்குற படமே உரிஞ்சு கண்ணாடியோட வந்துரும். கண்ணாடியோடயே வச்சு படம் எடுத்துக்கங்க. 90கள்ல வந்த ஒட்டுற ஆல்பம், பிளாஸ்டிக் ஷீட்ட தூக்கிட்டு போட்டோவ ஒட்டி மறுபடி மூடுவோமே, அதுல இருந்து எடுக்கணும்னா பல்லு இடுக்க சுத்தம் பண்ற நூலு இருக்கு பாருங்க, அத போட்டோவுக்கு அடியில விட்டு ரெண்டு பக்கமும் புடிச்சு மெதுவா அறுக்குற மாதிரி இழுத்தா வந்துரும். வரலன்னா விட்ருங்க, பக்கத்தோட சேத்து ஸ்கேன் பண்ணிக்கலாம்.

லேமினேஷன் மட்டும் வேணவே வேணாம். டவுன்ல ஒரு கடைல எங்க சித்தப்பா பத்திரமா இருக்கட்டும்னு ஐயாவோட ஒரே தனி போட்டோவ லேமினேட் பண்ண குடுத்தாரு, சூட்டுல முகத்து மேல குமிழ் குமிழா வந்து பிளாஸ்டிக் ஒட்டிக்கிச்சு, இனி அத பிரிக்கவே முடியாது. இன்னிக்கும் அத பாக்குறப்ப வயிறு எரியுது.

காப்பி எடுக்குறது

ஸ்கேனர் கிடைச்சா நல்லது. சாதாரண போட்டோவுக்கு 600 டிபிஐ (ஒரு இஞ்சுக்கு 600 புள்ளி) வைங்க, பாஸ்போர்ட் சைஸ்னா 1200 வைங்க, ஏன்னா பாஸ்போர்ட் போட்டோ அகலம் மூணரை சென்டிமீட்டர்தான், 600ல எடுத்தா அகலத்துக்கு 800 சொச்சம் பிக்சல்தான் வரும், பெருசு பண்ணி பிரேம் போட பத்தாது. கருப்பு வெள்ளையா இருந்தாலும் கலர்லயே ஸ்கேன் பண்ணுங்க, பழுப்பு ஏறுன நிறமும் மையோட நிறமும் வேணும். பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க, இத நெறைய பேரு விட்ருவாங்க. பின்னாடி ஸ்டுடியோ சீல் இருக்கும், யாராவது ஒரு வரி எழுதிருப்பாங்க, கணக்கு கூட போட்டு வச்சிருப்பாங்க.

ஸ்கேனர் இல்லையா, போனே போதும். ஜன்னலுக்கு பக்கத்துல மேசைய போட்டு, நேரா வெயில் விழாத எடத்துல போட்டோவ படுக்க வைங்க. வீட்டு லைட்ட எல்லாம் அணைச்சிருங்க, பிளாஷும் வேணாம். போன் லென்ஸ வேட்டி முனையால துடைச்சுட்டு, போட்டோவுக்கு நேர் மேல, சாய்வு இல்லாம புடிச்சு, ரொம்ப கிட்ட போகாம 2 மடங்கு ஜூம் வச்சு எடுங்க, கிட்ட போனா ஓரம் வளையும். பளபளன்னு எதிரொளி விழுந்துச்சுன்னா ஒரு கருப்பு துணிய போனுக்கு பின்னாடி தூக்கி புடிக்க சொல்லுங்க, அடங்கிரும்.

சொந்தக்காரங்க கிட்ட "வாட்ஸ்அப்ல அனுப்பு"ன்னு கேக்காதீங்க, டாக்குமென்ட்டா அனுப்ப சொல்லுங்க. சாதாரணமா அனுப்புனா படத்த சுருக்கிரும், எடுத்த தேதி விவரமும் போயிரும்.

கேக்குறது, இதுதான் உண்மையான வேலை

இதுக்கு ஒரு நாள் ஒதுக்குங்க, ஆனா ஒரு நாளுக்கு அஞ்சாறு போட்டோவுக்கு மேல வேணாம். மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்து காபி குடிக்கிற நேரம் எங்க அப்பத்தாவுக்கு தோதா இருந்துச்சு. போன்ல ரெக்கார்டர் போட்டு, ஒரு துண்டு மடிச்சு அது மேல வச்சிருங்க, மேசை தட்டுற சத்தம் விழாது. ரெக்கார்ட் பண்றேன்னு சொல்லிட்டு பண்ணுங்க. ஒவ்வொரு போட்டோவ எடுக்குறப்பவும் "நம்பர் 14"ன்னு சத்தமா சொல்லிருங்க, பின்னாடி எந்த கதை எந்த போட்டோவுக்குன்னு தேட வேண்டியதில்ல.

"இது யாரு"ன்னு மட்டும் கேட்டா பேரு மட்டும்தான் வரும். பக்கவாட்டுல கேக்கணும். அன்னிக்கு என்ன சமையல், அந்த சேலை யாரு எடுத்து குடுத்தது, எந்த கடை, எத்தன தடவ கட்டுனீங்க, இப்ப அந்த சேலை எங்க. போட்டோ எடுத்தது யாரு. எடுத்த உடனே என்ன பண்ணீங்க. அந்த எடத்துல என்ன வாசம் அடிக்கும். படத்துக்கு வெளிய, இந்த ஓரத்துக்கு அங்கிட்டு யாரு நின்னா. இந்த கடைசி கேள்விய மறக்காதீங்க, எங்க வீட்ல ஒரு கல்யாண போட்டோல ஓரத்துல ஒரு கை மட்டும் தெரியும், அந்த கை யாருன்னு கேட்டதுல இருந்துதான் இருபது வருஷமா பேச்சு வார்த்தை இல்லாத ஒரு பெரியம்மா வீட்டு கதையே வெளிய வந்துச்சு.

இத எல்லாம் கேட்டுட்டு நீங்க அமைதியா இருக்கணும். அவங்க பேசாம போட்டோவையே பாத்துட்டு இருந்தா நடுவுல புகுந்து அடுத்த போட்டோவ நீட்டாதீங்க. பத்து பதினஞ்சு நொடி நமக்கு நீளமா தெரியும், அவங்க அம்பது வருஷம் பின்னாடி போயிட்டு வரணும்ல. அழுதா அழ விடுங்க. போதும்னு சொன்னா மூடி வச்சிருங்க. எங்க அப்பத்தா ஒரு போட்டோவ கையில வாங்கி பாத்துட்டு திருப்பி போட்டுட்டு "இது வேணாம்யா"ன்னாங்க, நான் அதுக்கப்புறம் அத எடுக்கவே இல்ல. செத்தவங்கள நாற்காலில உக்கார வச்சு மாலை போட்டு சுத்தி சொந்தம் நின்னு எடுத்த போட்டோ பல வீட்ல இருக்கும், சில பேருக்கு வாழ்க்கைல எடுத்த ஒரே போட்டோ அதுதான், ஏன்னா போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்னு உசுரோட இருந்தப்ப எடுக்க விட்ருக்க மாட்டாங்க. அத எடுத்து காட்டுறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க.

மறதி நோய் வந்த பெரியவங்களா இருந்தா "இது யாருன்னு தெரியுதா? சொல்லு பாப்போம்"னு பரீட்சை வைக்காதீங்க. நானே பாத்திருக்கேன், தெரியலங்கறப்ப அவங்க முகம் சுருங்கி போறத. நீங்களே சொல்லிருங்க, "இது உங்க தங்கச்சி, கிணத்துகிட்ட நிக்கிறாங்க"ன்னு. போன வாரம் மறந்துருவாங்க, ஆனா பத்து வயசுல இருந்து முப்பது வயசு வரைக்கும் நடந்தது பல பேருக்கு அழுத்தமா நிக்கும்னு மனோதத்துவ ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க, அதனால அந்த வயசு போட்டோவா எடுத்து வைங்க. பதில் வேணும்னு இல்ல, தொட்டு பாத்துட்டு சிரிச்சா போதும்.

எந்த வருஷம்னு கண்டுபிடிக்கிறது

நம்ம பெரியவங்க வருஷத்த நம்பரா வச்சுக்க மாட்டாங்க, நடந்தத வச்சு வச்சுக்குவாங்க. அப்பத்தா கிட்ட ஸ்டுடியோ போட்டோ எப்ப எடுத்ததுன்னு கேட்டா "எம்ஜிஆர சுட்டாகளே, அதுக்கு அடுத்த வருஷம் தை"ன்னாங்க. சுட்டது 1967 ஜனவரி 12, அப்ப இது 1968 ஜனவரி இல்ல பிப்ரவரி. இதே மாதிரி தனுஷ்கோடி புயல்னா 1964 டிசம்பர், அண்ணா இறந்ததுன்னா 1969 பிப்ரவரி, எம்ஜிஆர் இறந்ததுன்னா 1987 டிசம்பர். இப்படி ஒரு தாள்ல எழுதி பக்கத்துல வச்சுக்கங்க, அதுக்கு முன்னாடியா பின்னாடியா, அப்ப பெரியவன் பொறந்துட்டானா, கைக்குழந்தையான்னு கேட்டு கேட்டு நெருங்கிரலாம்.

போட்டோவே சில விஷயம் சொல்லும். பின்பக்க சீல்ல மெட்ராஸ் - 17ன்னு மட்டும் இருந்தா அது பழசா இருக்க வாய்ப்பு, ஆறு இலக்க பின்கோடு போட்டிருந்தா 1972 ஆகஸ்ட் 15க்கு அப்புறம், ஏன்னா அன்னிக்குதான் பின்கோடு வந்துச்சு. பழைய சீல் கட்டைய பல வருஷம் ஓட்டுன ஸ்டுடியோவும் உண்டு, அதனால மொதல் விதிய கண்ண மூடிட்டு நம்பாதீங்க, ரெண்டாவத நம்பலாம். சின்னதா சதுரமா இருக்குற வீட்டு போட்டோன்னா அது அக்பா கிளிக் மாதிரி கேமராவுல 120 பிலிம் போட்டு எடுத்ததா இருக்கலாம், அதுல ஒரு ரோலுக்கு பன்னண்டே பன்னண்டு படம். 80கள்ல எடுத்த கலர் போட்டோ பல வீட்ல செவப்பா மாறி கெடக்கும், பச்சையும் நீலமும் வெளுத்து போனதால வர்ற மாற்றம் அது. கருப்பு வெள்ளை வெள்ளில பதிஞ்ச படம், அதனால அது இன்னும் தாக்கு புடிக்குது. 1960ல ஊட்டில ஆரம்பிச்ச ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனி இந்து (Indu)ன்னு ஒரு பேர்ல பிலிம் எல்லாம் போட்டுச்சு, பழைய ஸ்டுடியோக்காரங்க கிட்ட இந்து பிலிம்னு சொல்லி பாருங்க, அவங்க கதையே தனியா ஓடும்.

ஊர்ல பழைய ஸ்டுடியோ இன்னும் இருந்தா நேர்ல போயி கேளுங்க, நெகட்டிவ் இருக்கான்னு. பெரும்பாலும் வெள்ளிக்காக வித்துருப்பாங்க, இல்ல மழைல நனைஞ்சு தூக்கி போட்ருப்பாங்க, ஆனா சில எடத்துல அட்டை டப்பால நம்பர் போட்டு அடுக்கி வச்சிருக்காங்க. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரங்க பிரிட்டிஷ் லைப்ரரியோட உதவில தமிழ்நாட்டு ஸ்டுடியோக்கள்ல இருந்து இப்படி பழைய போட்டோ, நெகட்டிவ் எல்லாம் தேடி டிஜிட்டல் பண்ணாங்க. நம்ம தெருக்கோடி ஸ்டுடியோல எடுத்தது லண்டன் லைப்ரரிக்கு வேண்டிய பொருளா இருக்குன்னா, நமக்கு எவ்வளவு வேண்டியதா இருக்கணும்.

யாரு இல்லைன்னு பாருங்க

1838ல பாரிஸ்ல டாகேர்னு ஒருத்தர் ஜன்னல்ல இருந்து ஒரு தெருவ போட்டோ எடுத்தாரு. வண்டியும் ஆளுமா நெறைஞ்ச ரோடு அது, ஆனா படத்துல ரோடு காலியா கெடக்கு. அப்ப ஒரு படம் பதிய நிமிஷக்கணக்கா ஆகும், நடந்து போனவங்க ஒருத்தரும் பதியல. ஷூவுக்கு பாலிஷ் போட கால நீட்டிட்டு ஒரே எடத்துல நின்ன ஒரு ஆளு மட்டும் விழுந்துட்டாரு, பாலிஷ் போட்டவரு கலங்கலா தெரியுறாரு. போட்டோல தெரியுற மொத மனுஷங்கன்னு இவங்களத்தான் சொல்றாங்க.

எங்க 63ஐயும் தரையில பரப்பி வச்சப்ப எனக்கு அந்த தெருதான் ஞாபகம் வந்துச்சு. அசையாம நின்னவங்க மட்டும் இருக்காங்க. எங்க பெரிய அத்தை எல்லா விசேஷத்துக்கும் அடுப்படில நின்னவங்க, 63ல ரெண்டுலதான் இருக்காங்க, அதுலயும் ஒன்னுல முதுகு. வயல் வேலைக்கு வந்தவங்க, துணி வெளுத்தவங்க, பிரசவம் பாத்தவங்க, ஒருத்தரும் இல்ல. எங்க அப்பா கேமரா புடிச்ச வருஷத்துல எல்லாம் அப்பா இல்ல. உங்க ஆல்பத்த எடுத்து யாரு இருக்காங்கன்னு பாக்குறதுக்கு பதிலா யாரு இல்லைன்னு ஒரு லிஸ்ட் எழுதுங்க, அந்த லிஸ்ட்ல உசுரோட இருக்குறவங்கள அடுத்த தடவ ஊருக்கு போறப்ப போயி எடுங்க. கேட்டுட்டு எடுங்க, எடுத்தத பிரிண்ட் போட்டு அவங்க கையில குடுங்க.

இனிமே எடுக்குறது

முகத்த மட்டும் எடுக்காதீங்க. எனக்கு ரொம்ப புடிச்சது கை. அப்பத்தா வெத்தலைக்கு சுண்ணாம்பு தடவுறப்ப அந்த கட்டை விரல், நகத்து ஓரத்துல ஏறி போன காவி. அத எடுக்க மூணு நாள் ஆச்சு, மொத நாள் போன தூக்குன உடனே கைய தொடைச்சுக்கிட்டு தலைய சீவிட்டு வந்து நின்னாங்க, மூணாவது நாள்தான் என்னை மறந்துட்டு வெத்தலைய மடிச்சாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு நாளும் நான் பக்கத்துல சும்மா உக்காந்து இருந்தேன். அந்த சும்மா உக்காந்து இருக்குறதும் போட்டோ எடுக்குறதுல சேத்தி.

வெளிச்சத்துக்கு வாசல், ஜன்னல், முற்றம் போதும். அவங்க தரையில உக்காந்திருந்தா நீங்களும் உக்காருங்க, நின்னுட்டு மேல இருந்து எடுத்தா அவங்க சின்னதா போயிருவாங்க. பியூட்டி மோட அணைச்சிருங்க, அந்த சுருக்கத்த அழிச்சுட்டா அப்புறம் எதுக்கு எடுக்குறது. முகத்து மேல விரல அழுத்தி புடிச்சா போகஸும் வெளிச்சமும் நிக்கும். அகல லென்ஸ்ல கிட்ட போயி எடுத்தா மூக்கு பெருசாயிரும், ரெண்டடி பின்னாடி வந்து 2 மடங்குல எடுங்க.

வீட்ட இடிக்க போறாங்களா, அதுக்கு முன்னாடி ஒரு முழு நாள் அந்த வீட்டுக்குள்ள இருங்க. வீட்டு முகப்ப எல்லாரும் எடுப்பாங்க. நீங்க அடுப்புக்கு மேல சுவத்துல படிஞ்ச கரிய எடுங்க, காலண்டர் மாட்டுன ஆணியையும் அதுக்கு கீழ சுண்ணாம்பு வெளுக்காம இருக்குற சதுரத்தையும் எடுங்க, நிலைப்படில பிள்ளைங்க உயரத்துக்கு போட்ட பென்சில் கோடு, ஆட்டுக்கல் குழவி தேஞ்ச பக்கம், ஸ்விட்ச் போர்டு சுத்தி ஏறுன கை அழுக்கு. அப்புறம் படுக்குற எடத்துல படுத்துக்கிட்டு மேல பாத்து உத்தரத்த ஒரு படம். நீங்க சின்ன வயசுல தெனமும் கண்ண முழிச்ச உடனே பாத்தது அதுதானே. ஒவ்வொரு படத்துக்கும் அஞ்சு நொடி சத்தத்தையும் பதிஞ்சுக்கங்க, கதவு தாழ்ப்பாள் சத்தம், கிணத்து உருளை சத்தம்.

இன்னொன்னு, வருஷத்துக்கு ஒரு நாள், ஒரே எடம், ஒரே வரிசை. அமெரிக்காவுல நிக்கோலஸ் நிக்சன்னு ஒரு போட்டோகிராபர் தன் மனைவியையும் அவங்க சகோதரிகள் மூணு பேரையும் 1975ல இருந்து வருஷத்துக்கு ஒரு படம்னு எடுத்துட்டே வந்தாரு, நாலு பேரும் எப்பவும் அதே வரிசைல நிப்பாங்க, 40 வருஷத்துக்கு மேல போச்சு. வேற ஒன்னுமே பண்ணல, காலம் அது பாட்டுக்கு அவங்க முகத்துல வேலை செஞ்சுட்டு போச்சு. நாங்க பொங்கலன்னிக்கு அப்பத்தா வீட்டு திண்ணைல எடுக்க ஆரம்பிச்சோம். ஒருத்தர் வரலன்னா அவங்க எடத்த அடைக்காம அப்படியே விட்டு எடுக்குறோம். மூணு பேரா நின்னா ஆகாதுன்னு பேசிக்கிட்டு நடுவுல ஒரு சொம்பு வைப்பாங்க எங்க சித்தி, வைக்கட்டும், அதுவும் படத்துல இருக்கட்டும்.

நெறைய எடுத்தா நெறைய ஞாபகம் இருக்கும்னு நெனைக்க வேணாம். அமெரிக்காவுல லிண்டா ஹென்கல்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் 2014ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மியூசியத்துக்கு மாணவர்கள கூட்டிட்டு போயி சில பொருள போட்டோ எடுக்க சொல்லி, சிலத வெறுமனே பாக்க சொன்னாங்க, மறுநாள் கேட்டா போட்டோ எடுத்த பொருள்தான் கம்மியா ஞாபகம் இருந்துச்சு. ஆனா ஒரு பொருளோட ஒரு பகுதிய மட்டும் ஜூம் பண்ணி எடுத்தவங்களுக்கு அப்படி குறையல. அதனால திருவிழால தேர் வர்றப்ப மொதல்ல பாருங்க, நல்லா பாத்துட்டு, மனசுல எது நின்னுச்சோ அதுக்கு கிட்ட போயி ஒன்னு எடுங்க.

ஏஐ போட்டு அழகாக்குறத பத்தி

இப்ப பழைய போட்டோவ போட்டா கலராக்கி, முகத்த தெளிவாக்கி, கண்ண சிமிட்ட வச்சு தருது. ஆசையா இருக்கும், எனக்கும் இருந்துச்சு. ஐயாவோட மங்கலான ஒரு போட்டோவ போட்டு பாத்தேன், பளிச்சுன்னு ஒரு முகம் வந்துச்சு, அப்பத்தா வாங்கி பாத்துட்டு "இது யாருய்யா, நல்லாத்தான் இருக்காக, ஒங்கய்யா மாதிரி இருக்கு"ன்னாங்க. மாதிரி இருக்கு, அவரு இல்ல. படத்துல இல்லாத எடத்த அது தானா ஊகிச்சு நிரப்புது. இது சாதாரண விஷயம் இல்ல, 2002ல வந்த ஒரு ஆய்வுல 20 பேருக்கு அவங்க சின்ன வயசுல வெப்பக்காத்து பலூன்ல போன மாதிரி ஒட்டு வேலை செஞ்ச போட்டோவ காட்டுனாங்க, அவங்க போனதே இல்ல, ஆனா மூணு தடவ பேசி முடிக்கிறப்ப பாதி பேரு போன மாதிரி கொஞ்சமாவது ஞாபகம் இருக்குன்னு சொல்லிட்டாங்க. பொய்யான போட்டோ பொய்யான ஞாபகத்த உண்டாக்கும். நாளைக்கு உங்க பிள்ளைக்கு பாட்டி சேலை நிறத்தையும் தாத்தா சட்டை நிறத்தையும் ஒரு மெஷின் சொல்லி குடுத்துருக்கும். பண்ணணும்னா பண்ணுங்க, ஆனா ஒரிஜினல் ஸ்கேன தனியா வச்சுட்டு, மாத்துனது பேர்லயே மாத்துனதுன்னு எழுதிருங்க, சேலை என்ன நிறம்னு அத கட்டுனவங்க கிட்டயே கேட்டுருங்க. அப்பத்தாவோட ஸ்டுடியோ சேலை அரக்கு. ஏஐ நீலம்னு போட்டுச்சு.

பத்திரமா வைக்கிறது

சீக்கிரம் சொல்லி முடிச்சிர்றேன். பைலுக்கு பேரு வருஷம், ஊரு, யாருன்னு வைங்க, 1968-காரைக்குடி-ஐயா-அப்பத்தா-14ன்னு. மூணு காப்பி, ஒன்னு கம்ப்யூட்டர்ல, ஒன்னு ஹார்ட் டிஸ்க்ல, ஒன்னு வேற ஊர்ல இருக்குற அண்ணன் வீட்லயோ கிளவுட்லயோ. கல்யாண சிடியெல்லாம் இன்னிக்கே எடுத்து காப்பி பண்ணுங்க, பல சிடி இப்பவே ஓட மாட்டேங்குது. தாள் போட்டோவ அமிலம் இல்லாத காகித கவர்ல, இரும்பு பீரோல தரையோட ஒட்டாத தட்டுல வைங்க, சமையக்கட்டு பக்கமும் வெளிச்சுவரு பக்கமும் வேணாம். போட்டோ பின்னாடி பால்பாயிண்ட் பேனாவால எழுதாதீங்க, முன்பக்கம் தடம் விழும், கவர் மேல எழுதிட்டு அப்புறம் போட்டோவ உள்ள வைங்க.

வெள்ளத்துல நனைஞ்சா பதறாதீங்க. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல எங்க மாமா வீட்ல ஆல்பம் மூணும் ஊறிருச்சு, எல்லாம் போச்சுன்னு வெயில்ல போட்டாங்க, ஒன்னோட ஒன்னு ஒட்டி சுருண்டு போச்சு. செய்ய வேண்டியது என்னன்னா, காயுறதுக்கு முன்னாடியே பிரிச்சு, சுத்தமான குளிர்ந்த தண்ணில மெல்ல அலசி, படத்து பக்கத்த தொடாம, துணி மேல படம் மேல பாத்த மாதிரி நிழல்ல காய வைக்கணும். அவ்வளவுக்கும் நேரம் இல்லன்னா பிளாஸ்டிக் கவர்ல போட்டு பிரீசர்ல வச்சிரலாம், அப்புறம் நிதானமா எடுத்து பண்ணிக்கலாம். 2011 சுனாமிக்கு அப்புறம் ஜப்பான்ல சேத்துல கெடந்த போட்டோக்கள ஊரு பேரு தெரியாத ஆளுங்க பொறுக்கி இப்படித்தான் கழுவி காய வச்சு உரியவங்க கிட்ட சேத்தாங்க.

போட்டோவே இல்லாத வீடும் இருக்கு. வாக்காளர் அட்டைல இருக்குற படம்தான் ஒரே படம்னா அதையே ஸ்கேன் பண்ணி வைங்க, அதுவும் இல்லன்னா அவங்க கட்டுன சேலை, புழங்குன சொம்பு, உக்காந்த திண்ணை, இத எடுத்து அது கூட பேச்ச பதிஞ்சு வைங்க. ஈழத்துல காணாம ஆக்கப்பட்டவங்களோட அம்மாமாருங்க 2017ல இருந்து கிளிநொச்சிலயும் வவுனியாவுலயும் பிள்ளை போட்டோவ கையில புடிச்சுட்டு ரோட்டோரம் உக்காந்தாங்களே, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வீடு வாசல் எல்லாத்தையும் விட்டுட்டு வந்த எடத்துலயும் அந்த ஒரு தாள விடாம கொண்டு வந்திருக்காங்க. என் பிள்ளைன்னு ஒருத்தன் இருந்தான்னு சொல்ல அவங்க கிட்ட இருக்குறது அதுதான். பீரோவுல சும்மா கெடக்குறதா நாம நெனைக்கிற ஒரு பாஸ்போர்ட் போட்டோவுக்கு அவ்வளவு கனம் இருக்கு.

கடைசியா, யாருன்னே தெரியாத போட்டோ ஒன்னு ரெண்டு மிச்சம் இருக்கும், அத குப்பைல போட்றாதீங்க. எங்க 63ல நம்பர் 41 ஒரு அம்மா, காதுல தண்டட்டி தோள தொடுது, ரவிக்கை இல்ல, கேமராவ பாக்காம பக்கத்துல எதையோ பாக்குறாங்க. அப்பத்தாவுக்கு தெரியல. போன வருஷம் ஒரு கருமாதிக்கு எடுத்துட்டு போயி வயசானவங்க உக்காந்திருந்த பக்கம் ஒவ்வொருத்தர் கையிலயா குடுத்தேன். ஒரு பாட்டி மட்டும் ரொம்ப நேரம் வச்சிருந்துட்டு "கால் கொஞ்சம் சாச்சு நடப்பாளே, அவதான இது"ன்னாங்க, பேரு வரல, எந்த வீடுங்கறதும் வரல. கவர் மேல 41, தெரியல, கால் சாச்சு நடப்பாங்கன்னு எழுதி வச்சிருக்கேன். வர்ற மாசி திருவிழாவுக்கு திரும்ப எடுத்துட்டு போறேன்.